ஆங்கிலப் பழமொழி புரியவில்லையா? தொழிலைப் பாருங்கள்

ஆங்கிலப் பழமொழியின் பொருள் பிடிபடாவிட்டால், அகராதியைப் புரட்டும் முன் அது எந்தத் தொழிலில் பிறந்தது என்று பாருங்கள். பல பழமொழிகள் வயலிலும் பட்டறையிலும் உருவானவை; வேலை தெரிந்தால் பொருள் தானே விளங்கும். 'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் கோடையிலும் மழையை நம்ப முடியாது. அறுத்துப் போட்ட புல் காய்வதற்குள் நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீவனம் இருக்காது. வெயில் அடிக்கும்போதே உலர்த்திவிட வேண்டும், அதாவது வாய்ப்பைத் தவறவிடக் கூடாது. 'ஸ்ட்ரைக் வைல் தி அயர்ன் இஸ் ஹாட்', அதாவது இரும்பு சூடாக இருக்கும்போதே அடி, கொல்லன் பட்டறையில் பிறந்தது; விளக்கமே வேண்டாம்.

'எ ரோலிங் ஸ்டோன் கேதர்ஸ் நோ மாஸ்' போன்றவற்றுக்கு இந்த வழி உதவாது. உருளும் கல்லில் பாசி படியாது, சரி. பாசி நல்லதா, கெட்டதா? அலைபவனிடம் எதுவும் சேராது என்பார்கள். இயங்குபவன் தேங்க மாட்டான் என்றும் சொல்வார்கள். அங்கே முன்பின் வரிகளைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.