கோயபல்ஸ்: எப்படிச் சொல்வது, யாரைச் சொல்வது

தேர்தல் வந்துவிட்டால் கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இந்தப் பெயர் தினமும் காதில் விழும். யாராவது ஒரு கணக்கைத் தப்பாகச் சொன்னாலே போதும், "கோயபல்ஸ் பிரச்சாரம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தமிழில் எழுத அதே எழுத்துக்கூட்டல் போதும், நிலைத்துவிட்டது. ஆனால் ஜெர்மன் படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போகிற நம்மூர்ப் பிள்ளைகள் இப்படியே சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது.

முதலில் அந்த 'ய'வை விடுங்கள். Goebbels என்ற எழுத்துக்கூட்டலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் o, e எழுத்துகளைத் தனித்தனியாகப் படித்ததால் வந்தது அது. ஜெர்மனில் இரண்டும் சேர்ந்து ஒரே உயிரொலி: நாக்கு 'எ'வில் இருக்கும், உதடு 'ஒ'வில் இருக்கும். கவிஞர் கதேயின் பெயரிலும் இதே ஜோடிதான், அங்கே நெடில். இங்கே அடுத்த மெய் இரட்டித்து எழுதப்படுவதால் குறில்.

பழக ஒரு வழி சொல்கிறேன். குளிர்காலக் காலையில் பஸ் ஜன்னல் கண்ணாடிக்கு இரண்டு விரல் தள்ளி வாயை வைத்து 'கெ' என்று இழுங்கள், காந்தியில் வரும் 'க' மாதிரி. ஆவி அகலமாகப் படியும். நாக்கை அசைக்காமல், விசிலடிக்கப் போவதுபோல உதட்டை மட்டும் குவியுங்கள். ஆவி சின்ன வட்டமாகச் சுருங்கும்போது வருகிறதே, அதுதான் அந்த ஒலி. நம் மலையிலேயே தோடர் மொழியில் உதடு குவித்த உயிரொலிகள் தமிழைவிட அதிகம். தோடர் நண்பர் இருந்தால் பேசச் சொல்லிக் கேளுங்கள், காது பழகும். அப்புறம் 'பஸ்'ஸில் வரும் 'ப', உடனே 'ல்', கடைசியில் 'ஸ்'. கிட்டத்தட்ட 'கெப்ல்ஸ்', அழுத்தம் முதல் அசையில்.

சரி, யாரைச் சொல்வது? யோசப் கோயபல்ஸ் 1933 மார்ச்சில் ஹிட்லரின் பிரச்சார அமைச்சரானவர். ரேடியோ, சினிமா, பத்திரிகை மூன்றையும் கைக்குள் வைத்துக்கொண்டு, மலிவு விலை ரேடியோவை வீடு வீடாகக் கொண்டுபோய், 12 வருடம் யூதர்கள்மேல் வெறுப்பை ஊட்டியவர். சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதனால் பச்சைத் தேயிலை விலையைக் கூட்டிச் சொல்கிற பக்கத்துத் தோட்டத்துக்காரரை அந்தப் பெயரால் கூப்பிடாதீர்கள். அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? அரசாங்கமே ஆள், பணம், ஒலிபெருக்கியோடு ஒரு கூட்டத்து மக்கள்மேல் பொய்யை ஏவும்போது அந்தப் பெயரை எடுங்கள்.

இன்னொன்று. 'பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் உண்மையாகிவிடும்' என்று அவர் சொன்னதாக மேடையில் பேசாதீர்கள், அதற்கு ஆதாரம் கிடைத்ததே இல்லை. 1941ல் ஒரு கட்டுரையில், பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு அதையே பிடித்துக்கொண்டு நிற்பது ஆங்கிலேயத் தலைவர்களின் வழக்கம் என்று எழுதி, பழியை அடுத்தவர்மேல் போட்டார். மேடைக்கு வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள், இது அச்சிலேயே இருக்கிறது.