அறியாத டெஸ்க்டாப்பில் வழி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுங்காலம் விண்டோஸில் வேலை செய்தவர் ஒருவரை லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் கொண்ட கணினியின் முன்னோ மேக் கணினியின் முன்னோ உட்கார வைத்தால், அவருடைய சுட்டி முதலில் திரையின் அடிப்பகுதிக்குத்தான் போகும். 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95 தொடக்கப் பொத்தானையும் பணிப்பட்டையையும் அங்கே வைத்தது. அன்றிலிருந்து பல கோடிக் கைகள் அந்த இடத்துக்குப் பழகிவிட்டன. எதிர்பார்த்தது அங்கே இல்லை என்றதும் பலர் "இந்தக் கணினியில் அந்த வசதியே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். பின்னால் வரும் தவறுகள் பெரும்பாலும் இதன் கிளைகளே.

இடத்தை நினைவில் வைத்துக்கொள்வது எவ்வளவு நிலையற்ற அறிவு என்பதற்கு விண்டோஸே சாட்சி. 2012இல் வந்த விண்டோஸ் 8 தொடக்கப் பொத்தானை எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டே 8.1 அதைத் திருப்பிக் கொண்டுவந்தது; 2021இல் வந்த விண்டோஸ் 11 அதைப் பணிப்பட்டையின் நடுப்பகுதிக்கு நகர்த்தியது. ஆகவே, "அது எங்கே இருக்கிறது?" என்று தேடுவதைவிட, "அந்த வேலையை இங்கே எதன் மூலம் செய்கிறார்கள்?" என்று கேட்டுக்கொள்வது பயன்தரும். நிரலைத் திறப்பது எப்படி, திறந்த சாளரங்கள் எங்கே போகின்றன, கோப்புகள் எங்கே கிடக்கின்றன, வெளியேறுவது எப்படி என்ற நான்குக்கும் விடை கிடைத்துவிட்டால் அன்றாட வேலைக்கு அதுவே போதும். முதல் கேள்விக்குப் பொதுவான குறுக்குவழி ஒன்று உண்டு. விண்டோஸ் விசையை அழுத்தி, எதையும் சொடுக்காமல், தேடும் நிரலின் பெயரைத் தட்டச்சு செய்தால் விண்டோஸிலும் லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பிலும் (பட்டைகளும் சாளரங்களும் அடங்கிய திரைத்தோற்றங்களில் ஒன்று) அது கண்முன் வந்து நிற்கும். லினக்ஸ் உலகில் அதே விசைக்கு சூப்பர் விசை என்று பெயர். மேக்கில் கமாண்ட் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். பட்டியல்களைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு வழியை முயன்று பார்க்காமலேயே களைத்துப்போவதை அடிக்கடி காணலாம்.

திரையில் தெரியும் சின்னங்களே கணினியில் உள்ளவை அனைத்தும் என்று எண்ணுவது அடுத்த தவறு. சின்னங்கள் கிடக்கும் டெஸ்க்டாப் பரப்பு என்பது உண்மையில் பயனருக்கென ஒதுக்கிய முகப்புக் கோப்புறைக்குள் இருக்கும் இன்னொரு கோப்புறைதான். 2011இல் வெளிவந்த க்னோம் 3 அந்தப் பரப்பில் சின்னங்களைக் காட்டும் வழக்கத்தையே கைவிட்டது. அதைப் பின்பற்றும் கணினியில் வெறும் பின்னணிப் படம் மட்டும் தெரிவதைக் கண்டு கோப்புகள் அழிந்துவிட்டன என்று பதற வேண்டியதில்லை. கோப்பு மேலாளரைத் திறந்தால் அவை தத்தம் இடத்தில் இருக்கும். அங்கே போனவர்கள் சி டிரைவைத் தேடுவதும் வழக்கம். மேக்கிலும் லினக்ஸிலும் எழுத்துப் பெயர் தாங்கிய டிரைவ்கள் கிடையாது. அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைக்கும் மரமாக அமைந்திருக்கும், பென் டிரைவ்கூட அந்த மரத்தின் ஒரு கிளையாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஆவணங்கள் முகப்புக் கோப்புறைக்குள் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, மற்றக் கிளைகளில் கை வைக்காதிருப்பது தொடக்கத்தில் நல்லது.

சாளரங்களைப் பற்றிய தவறுகளே ஆட்களை மிகுதியாக அலைக்கழிக்கின்றன. விண்டோஸில் பெரும்பாலும் கடைசிச் சாளரத்தை மூடினால் நிரலும் முடிந்துபோகும். மேக்கில் அப்படியில்லை: இடது மேல்மூலையில் உள்ள சிவப்புப் பொத்தான் சாளரத்தை மட்டுமே மூடுகிறது, பல நிரல்கள் அதன் பிறகும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன, முழுவதும் நிறுத்த கமாண்ட் விசையுடன் க்யூ எழுத்தை அழுத்த வேண்டும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் சாளரம் பெரிதாவதோடு நில்லாமல் முழுத்திரையாகித் தனிப் பணிவெளிக்கு, அதாவது தனியொரு திரைக்கு, போய்விடும். மேல்பட்டியும் கண்ணிலிருந்து மறைந்துவிடுவதால் புதியவருக்குத் திரும்பும் வழி தெரியாது. இயல்பான க்னோமில் சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானே இருக்காது, மூடும் பொத்தான் மட்டும்தான் இருக்கும். அதை அறியாமல் சிறிதாக்க நினைத்தவர்கள் மூடிவிடுவதும் உண்டு.

இவற்றைவிடக் குழப்பம் தருவது பல பணிவெளிகள் என்ற ஏற்பாடு. ஒரே திரைக்குப் பின்னால் இரண்டு மூன்று திரைகள் அடுக்கியிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஏதோ ஒரு விசைச் சேர்க்கை தவறுதலாக அழுந்தியதும் திறந்திருந்த அனைத்தும் காணாமற்போய் வெற்றுத் திரை நிற்கும். நானே ஒருமுறை பாதி எழுதிய ஆவணம் தொலைந்துவிட்டது என்று நம்பி அதை மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறேன். அது பக்கத்துப் பணிவெளியில் அப்படியே திறந்திருந்தது. சாளரம் மறைந்தால் நிரலை மறுபடி திறக்காதீர்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையுடன் டேப், க்னோமில் சூப்பர் விசை மட்டும், மேக்கில் கன்ட்ரோல் விசையுடன் மேல்நோக்கிய அம்பு: இவற்றில் பொருந்துவதை அழுத்தினால் திறந்திருக்கும் சாளரங்களும் பணிவெளிகளும் ஒருசேரத் தெரியும். க்னோமில் சூப்பர் விசையுடனும் மேக்கில் கமாண்ட் விசையுடனும் டேப்பை அழுத்துவது நிரல்களை மாற்றுமே தவிர ஒரே நிரலின் இரண்டு சாளரங்களுக்கிடையே மாற்றாது. அதற்கு டேப்புக்குப் பதிலாக அதன் மேலே உள்ள விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும்.

கையின் பழக்கம் விசைப்பலகையிலும் நம்மை ஏமாற்றும். விண்டோஸின் கோப்பு மேலாளரில் என்டர் விசை கோப்பைத் திறக்கும். மேக்கில் அதே விசை பெயரை மாற்றத் தொடங்கும், அதைக் கவனிக்காமல் தட்டச்சு செய்தால் கோப்புக்கு வேறு பெயர் வந்துவிடும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் சாளரமான லினக்ஸின் டெர்மினலில் கன்ட்ரோலுடன் சி எழுத்தை அழுத்தினால் நகலெடுக்காது, ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை நிறுத்திவிடும்; நகலெடுக்க ஷிஃப்ட் விசையும் சேர வேண்டும். அங்கே கடவுச்சொல்லைத் தட்டும்போது நட்சத்திரக் குறிகூடப் பெரும்பாலும் தெரியாது என்பதால், விசைப்பலகை பழுதாகிவிட்டதாக எண்ணி மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇயில் நெடுங்காலம் ஒரே சொடுக்கில் கோப்பு திறப்பதே இயல்பு நிலையாக இருந்தது. 2024இல் வந்த அதன் பதிப்பான பிளாஸ்மா 6தான் அதை இருசொடுக்காக மாற்றியது. பழைய பதிப்பில் இருமுறை சொடுக்கினால் ஒரே நிரல் இரண்டு முறை திறக்கலாம்.

உதவி தேடும்போது நேரும் ஒரு தவறைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "உபுண்டுவில் இதை எப்படிச் செய்வது?" என்று கேட்கிறவர்கள், உபுண்டு என்பது லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றின் பெயர், கண்ணெதிரே தெரியும் டெஸ்க்டாப்பின் பெயர் வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். உபுண்டு இயல்பாகத் தருவது க்னோமை. அதன் இன்னொரு வடிவமான குபுண்டு தருவது கேடிஇயை. உள்ளே இருக்கும் அடித்தளம் ஒன்றாயினும் பட்டியல்களும் அமைப்புகளும் முற்றிலும் வேறானவை. பதிப்பு எண்ணும் அதே அளவுக்கு முக்கியம். இடது மேல்மூலையில் உள்ள "ஆக்டிவிட்டீஸ்" என்ற சொல்லைச் சொடுக்குங்கள் என்று பழைய வழிகாட்டிகள் கூறும். 2023இல் வந்த க்னோம் 45இல் அந்தச் சொல்லே இல்லை, அதன் இடத்தில் பணிவெளிகளைக் காட்டும் சிறு குறி இருக்கிறது. ஆகவே அமைப்புகளுக்குள் "இந்தக் கணினியைப் பற்றி" என்ற பொருளில் உள்ள பக்கத்தைத் திறந்து, இயங்குதளம், டெஸ்க்டாப், பதிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்ட பிறகே தேடத் தொடங்குங்கள். பொருந்தாத பதிப்புக்கு எழுதிய கட்டளையைப் புரியாமல் டெர்மினலில் ஒட்டுவது எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது. அங்கிருந்து நீக்கும் கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேரே அழிந்துபோகும்.

வந்த முதல் மணி நேரத்திலேயே எல்லாவற்றையும் பழைய கணினியைப் போல மாற்றியமைக்கும் ஆவலையும் அடக்கிக்கொள்ள வேண்டும். சில டெஸ்க்டாப்களில் பட்டையின்மீது வலச்சொடுக்கு செய்து தவறான வரியைத் தேர்ந்தெடுத்தால் பட்டையே நீங்கிவிடும், அதை மீட்கும் வழியும் அதே பட்டையில்தான் இருந்திருக்கும். சோதனைகளுக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி வைத்துக்கொண்டால், அங்கே என்ன குலைந்தாலும் உங்கள் கணக்கின் அமைப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

பென் டிரைவை நேரடியாகப் பிடுங்காதீர்கள். நகலெடுத்து முடிந்ததாகத் திரை காட்டினாலும் தரவு இன்னும் நினைவகத்திலிருந்து எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம். பிறருடைய கணினியாக இருந்தால் எழுந்து போகுமுன் திரையைப் பூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பூட்டிய திரைக்குப் பின்னால் உங்கள் நிரல்களும் திறந்த கணக்குகளும் ஓடிக்கொண்டே இருக்கும். சேமிக்க வேண்டியதைச் சேமித்துவிட்டு, வெளியேறு என்ற கட்டளையைத் தேர்ந்தெடுத்து, பயனர் பெயர்கள் தெரியும் நுழைவுத் திரை மீண்டும் வந்ததா என்று பார்த்த பிறகே இருக்கையை விட்டு எழ வேண்டும்.