கேஷ்லெஸ் கோரிக்கையைச் சேவைகளாகப் பிரித்தல்: வணிகச் செயல்முறை வரைவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நிறுவனத்தில் வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படமாக வரைவதற்குப் பல காரணங்கள் உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயிற்சி தரவும் தணிக்கையாளருக்குக் காட்டவும் வரையப்படும் படங்கள் தோராயமாக இருந்தாலும் பயன்படும். மென்பொருளைத் தனித்தனிச் சேவைகளாகப் பிரித்து இணைக்கும் சேவைசார் கட்டமைப்புக்காக வரையப்படும் படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதில் ஒரு தரப்பின் எல்லையைக் கடந்து செல்லும் ஒவ்வொரு அம்பும் நாளை இரண்டு மென்பொருள்களுக்கு இடையே எழுதப்படவிருக்கும் ஒப்பந்தம் ஆகும். யார் அனுப்புகிறார், எதை அனுப்புகிறார், எவ்வளவு நேரத்துக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் என்ன செய்வது என்ற நான்கு கேள்விகளுக்கும் அந்த அம்பு விடை வைத்திருக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுக்கான கேஷ்லெஸ் கோரிக்கை, அதாவது நோயாளி முதலில் பணம் கட்டாமல், காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்தும்படி கேட்பது. நோயாளி, மருத்துவமனை, டிபிஏ எனப்படும் மூன்றாம் தரப்பு நிர்வாகி, காப்பீட்டு நிறுவனம் என்று நான்கு தரப்புகள் இதில் உண்டு. ஒருவர் மற்றவருக்குக் கட்டளையிட முடியாது. காலக்கெடுவும் ஒழுங்குமுறை ஆணையமே விதித்தது. முன் அனுமதிக் கோரிக்கை வந்த 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2024 மே 29 அன்று வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை சொல்கிறது. அந்த 3 மணி நேரத்தைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாக வசூலிக்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். எனவே, இந்தச் செயல்முறையில் எங்கே நேரம் கரைகிறது என்பது தெரியாமல் இருப்பதற்கு நேரடியான விலை உண்டு. கட்டில் காலியாவதற்காகக் காத்திருக்கும் இன்னொரு நோயாளிக்கும் அதில் பங்கு உண்டு. நாம் காப்பீட்டு நிறுவனத்தின் இடத்தில் நின்று வரைவோம்.

தொடக்கமும் முடிவும்

முதல் பெட்டியை வரைவதற்கு முன்னால், செயல்முறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும். பலர் படிவத்தைக் கணினியில் பதிவு செய்யும் இடத்தைத் தொடக்கமாக வைக்கிறார்கள். அது திரையின் தொடக்கமே தவிர, வேலையின் தொடக்கம் அன்று. கோரிக்கை நம்மிடம் வந்து சேர்ந்த நொடியே தொடக்க நிகழ்வு, ஏனெனில் 1 மணி நேரக் கணக்கு அப்போதே ஓடத் தொடங்கிவிடுகிறது. அதேபோல் நோயாளி வீட்டுக்குப் போவது முடிவு அன்று. மருத்துவமனைக்குப் பணம் சென்று, அது எந்தக் கோரிக்கைக்கு உரியது என்று இரு தரப்புக் கணக்கிலும் பொருந்திய பிறகே முடிவு.

அடுத்த கேள்விதான் பலரும் தவறவிடுவது: இந்தச் செயல்முறையின் ஒரு ‘கேஸ்’ என்பது எது? ஒரு கோரிக்கையா, ஒரு மருத்துவமனைச் சேர்க்கையா, ஒரு பாலிசியா? மூன்று நாட்களில் முடியும் என்று நினைத்த சிகிச்சை ஒன்பது நாட்கள் நீண்டால், மருத்துவமனை கூடுதல் தொகைக்கு மறுபடியும் கோரிக்கை அனுப்பும். ஒவ்வொரு கோரிக்கையையும் தனிக் கேஸாக வரைந்தால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு எந்தச் சேவைக்கும் இல்லாமல் போய்விடும். காப்பீட்டுத் தொகையின் மிச்சத்தைத் தவறாகக் கணக்கிடும் பிழை இங்கேதான் பிறக்கிறது. ஆகவே ஒரு சேர்க்கைதான் ஒரு கேஸ் என்று வைத்து, கூடுதல் தொகைக் கோரிக்கைகளை அந்தக் கேஸுக்குள் திரும்பத் திரும்ப வரக்கூடிய செய்திகளாக வரைய வேண்டும். வரும் செய்தி எந்தக் கேஸைச் சேர்ந்தது என்று அடையாளம் காணும் எண் எது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். மருத்துவமனையின் உள்நோயாளி எண், பாலிசி எண், கோரிக்கை எண் ஆகிய மூன்றும் ஒரே கேஸைச் சுற்றி வரும். இவற்றுள் நாம் முதல் பதிலிலேயே கொடுத்தனுப்பும் கோரிக்கை எண்தான் பாதுகாப்பானது.

தரப்புகளும் எல்லைகளும்

வணிகச் செயல்முறைகளை வரைவதற்கான பிபிஎம்என் குறியீட்டில் ஒவ்வொரு தரப்புக்கும் பூல் எனப்படும் ஒரு பெரிய பெட்டியை வரைகிறோம். ஒரு பூலுக்குள் வேலையின் வரிசை அம்புகள் ஓடலாம். பூலைக் கடந்து செல்லக்கூடியது செய்தி அம்பு மட்டுமே. இந்த விதி சேவைக் கட்டமைப்பின் உயிர்நாடி. மருத்துவமனையின் உள் வேலைகளை நாம் வரையக் கூடாது. அந்தப் பூலை வெற்றுப் பெட்டியாக விட்டு, அதற்குள் போகும் செய்திகளையும் அதிலிருந்து வரும் செய்திகளையும் மட்டும் காட்ட வேண்டும். அவர்கள் உள்ளே எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை நம் படம் நம்பியிருக்குமானால், அவர்கள் மென்பொருளை மாற்றும் நாளில் நம்முடையதும் உடையும்.

டிபிஏவை வரைவதில் ஒரு நுட்பம் உண்டு. சில காப்பீட்டு நிறுவனங்கள் கோரிக்கைகளைத் தங்கள் ஊழியர்களைக் கொண்டே பரிசீலிக்கின்றன. சில, டிபிஏக்களிடம் ஒப்படைக்கின்றன. ஒரே நிறுவனம் இரண்டையும் செய்வதும் உண்டு. எனவே ‘டிபிஏவுக்கு அனுப்பு’ என்று ஒரு பெட்டி வரைந்தால் நிறுவன அமைப்பு படத்துக்குள் இறுகிவிடும். ‘மருத்துவப் பரிசீலனை’ என்ற வேலையை வரைந்து, அதை இன்று யார் செய்கிறார் என்பதைத் தனியே குறிப்பதே சரி. துறைகளின் பட்டியலை வைத்துச் சேவைகளைப் பிரித்தால், துறைகளைச் சீரமைக்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருளையும் பிரித்துப் போட நேரும்.

விதிகளைப் படத்திலிருந்து வெளியே எடுத்தல்

இடையூறு இல்லாத நேர்வழியை முதலில் வரையுங்கள். தகுதி சரிபார்த்தல், மருத்துவப் பரிசீலனை, தொகை நிர்ணயம், தொகை ஒதுக்கம், அனுமதி அறிவிப்பு, இறுதி பில் பரிசீலனை, பணம் செலுத்தல் என ஏழெட்டுப் பெட்டிகளில் அது முடிந்துவிட வேண்டும். உடனே ஒரு சபலம் வரும்: பாலிசி நடப்பில் உள்ளதா, காத்திருப்புக் காலம் முடிந்ததா, அறை வாடகை வரம்புக்குள் உள்ளதா, நோயாளி தன் பங்காகக் கட்ட வேண்டிய இணைக் கட்டணம் உண்டா என ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவுச் சாய்சதுரம் போடத் தோன்றும். அப்படிப் போட்டால் படம் யாரும் படிக்க முடியாத வலையாகிவிடும்.

இவை அனைத்தும் விதிகள். விதிகள், எந்த நிபந்தனைக்கு எந்த முடிவு என்று வரிசையாகக் காட்டும் தீர்மான அட்டவணையில் இருக்க வேண்டும். படத்தில் ‘தகுதியைத் தீர்மானி’ என்ற ஒரே பெட்டி போதும். இதற்காகவே டிஎம்என் என்ற குறியீட்டை ஓஎம்ஜி என்ற தர நிர்ணய அமைப்பு 2015இல் வெளியிட்டது. முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 2024இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டதை எண்ணிப் பாருங்கள். விதி அட்டவணையில் இருந்த இடத்தில் சில வரிகள் மாறின. விதியை ஓட்டத்துக்குள் பின்னி வைத்திருந்தால், படம், நிரல், சோதனைகள் என எல்லாவற்றையும் திறக்க வேண்டியிருக்கும்.

காத்திருப்பும் கேள்விகளும்

நேர்வழியை வரைவது எளிது. ஒரு மாதிரியின் தரம் விலகல்களில்தான் தெரியும். இந்தச் செயல்முறையின் முக்கியமான விலகல், பரிசீலிக்கும் மருத்துவர் மருத்துவமனையிடம் கூடுதல் விளக்கம் கேட்பது. பழைய ஸ்கேன் அறிக்கை வேண்டும், நோய் எப்போது தொடங்கியது என்று எழுதித் தர வேண்டும் என்பன போன்ற கேள்விகள் அவை. படத்தில் இது ஒரு செய்தியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நிலை. அந்த நிலையில் பதில் வரலாம். பதில் வராமல் நேரம் கடக்கலாம். நோயாளி கேஷ்லெஸ் வேண்டாம் என்று பணம் கட்டிவிட்டுப் போகலாம். நோயாளி இறந்தும் போகலாம். இந்தக் கடைசி நிலைக்கென்றே, கோரிக்கையை உடனடியாகப் பரிசீலித்து உடலை மருத்துவமனையிலிருந்து விடுவிக்கச் செய்ய வேண்டும் என்று மேலே சொன்ன சுற்றறிக்கை கூறுகிறது. எனவே அது வழக்கமான வரிசையில் நிற்காத தனிப் பாதையாக வரையப்பட வேண்டும். முதலில் எது நடக்கிறதோ அதன்வழி செல்லும் நிகழ்வுசார் பிரிவைத்தான் இங்கே பயன்படுத்த வேண்டும். ‘பதில் வந்ததா? ஆம், இல்லை’ என்ற சாதாரணப் பிரிவு காத்திருப்பைக் காட்டாது.

நேரத்தை வரையும்போது இரண்டு வகைக் கடிகாரங்களைப் பிரித்தறிய வேண்டும். நாற்பதாவது நிமிடத்தில் மேற்பார்வையாளரை எச்சரிக்கும் கடிகாரம், நடக்கும் வேலையை நிறுத்தாமல் பக்கத்தில் ஒரு வேலையைத் தொடங்கி வைக்கும். கெடு முடிந்ததும் கேஸை மூத்த மருத்துவரின் கைக்கு மாற்றும் கடிகாரம், நடக்கும் வேலையை நிறுத்திவிடும். பிபிஎம்என்னில் முன்னதற்கு விட்டுவிட்டு வரையும் கோடு, பின்னதற்கு முழுக் கோடு. இந்தச் சிறு வேறுபாட்டைத் தவறாக வரைந்தால், ஒரே கோரிக்கையை இரண்டு மருத்துவர்கள் ஒரே நேரத்தில் பரிசீலித்து இரண்டு வெவ்வேறு தொகைகளை அனுமதிக்கும் நிலை வரும். விளக்கம் கேட்ட பிறகு 1 மணி நேரக் கணக்கு நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்பதும் இங்கே எழும் கேள்வி. அதற்கு விடையைக் கோரிக்கைத் துறையிடமும் சட்டப் பிரிவிடமும் எழுத்தில் பெற வேண்டும். நிரல் எழுதுபவர் தன் ஊகத்தால் நிரப்பக் கூடிய வெற்றிடம் அன்று அது.

இன்னொரு விலகல், செய்ததைத் திரும்பப் பெறுதல். அறுவைச் சிகிச்சைக்காக 2 லட்சம் ரூபாய் அனுமதித்து, காப்பீட்டுத் தொகையிலிருந்து ஒதுக்கியும் வைத்துவிட்ட பிறகு, சிகிச்சை தள்ளிப்போகிறது. பல நாட்கள் நீளும் ஒரு வேலையைத் தரவுத்தளப் பூட்டால் கட்டி வைக்க முடியாது. நீண்ட பரிவர்த்தனையைச் சிறு சிறு படிகளாக்கி, ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுசெய்யும் எதிர்ப்படி ஒன்றை வைக்கும் ‘சாகா’ முறையை ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987இலேயே முன்வைத்தார்கள். படத்தில் ‘தொகையை ஒதுக்கு’ என்று எழுதும் கையோடு ‘ஒதுக்கத்தை விடுவி’ என்பதையும் இணைத்துவிடுங்கள். அனுப்பிவிட்ட அனுமதிக் கடிதத்தை அழிக்க முடியாது. அதற்கான எதிர்ப்படி, ரத்து அறிவிப்பு என்ற புதிய செய்தி.

படத்திலிருந்து சேவைகளைக் கண்டெடுத்தல்

இப்போது படத்தின் மீது நடந்து, எந்தெந்தப் பெட்டி சேவையாகும் என்று பார்க்கலாம். நான் பரிந்துரைக்கும் அளவுகோல்கள் மூன்று. அந்த வேலையின் பெயரைக் கோரிக்கைத் துறை அதிகாரியிடம் சொன்னால், கணினி விளக்கம் இல்லாமலேயே அவருக்குப் புரிய வேண்டும். அதற்குரிய தரவுக்கு அதுவே பொறுப்பாளியாக இருக்க வேண்டும். வேறொரு செயல்முறைக்கும் அது தேவைப்படுவதாக இருந்தால் இன்னும் நல்லது. ‘தகுதியைத் தீர்மானித்தல்’ மூன்றிலும் தேறும். நோயாளி முதலில் தானே பணம் கட்டிப் பின்னர் திரும்பப் பெறும் செயல்முறைக்கும் அது வேண்டும். ‘காப்பீட்டுத் தொகையை ஒதுக்குதல், விடுவித்தல்’ என்பதும் அப்படியே. மருத்துவமனையோடு பேசி முடித்த பேக்கேஜ் கட்டணத்தைச் சொல்லும் சேவையும் தனித்து நிற்கும். ‘படிவத்தைச் சேமி’, ‘பாலிசிப் பதிவை எடு’ போன்றவை சேவைகள் அல்ல. தரவுத்தள அட்டவணைகளுக்குப் போர்த்திய போர்வைகள். அவற்றைச் சேவை என்று வெளியிட்டால், வணிக விதி அவற்றை அழைப்பவர்களிடம் சிதறிக் கிடக்கும்.

மனிதர் செய்யும் மருத்துவப் பரிசீலனையும் சேவைதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கோரிக்கை உள்ளே போகிறது, சில நிமிடங்கள் கழித்து முடிவு வெளியே வருகிறது. உள்ளே மருத்துவர் இருக்கிறாரா, விதிகளை வைத்துத் தானாக அனுமதிக்கும் நிரல் இருக்கிறதா என்பது ஒப்பந்தத்தில் தெரியக் கூடாது. எளிய கேஸ்களைப் பின்னாளில் தானியங்கியாக்குவதற்கு இந்த மறைப்பே வழி திறந்துவிடும்.

ஒவ்வொரு சேவைக்கும் ஒப்பந்தம் எழுதும்போது, பிழைகளை வணிக மொழியில் எழுதுங்கள்: ‘பாலிசி காலாவதியானது’, ‘மிச்சத் தொகை போதாது’ என்றால் மருத்துவமனைக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியும். கோரப்பட்ட தொகை, அனுமதித்த தொகை, செலுத்திய தொகை ஆகிய மூன்றையும் வெறுமனே ‘தொகை’ என்று எழுதுவதை அனுமதிக்கவே கூடாது. இணைப்பு அறுந்து மருத்துவமனை அதே கோரிக்கையை இரண்டாம் முறை அனுப்பினால் இரட்டை ஒதுக்கம் நேராதபடி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் இருக்க வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். செய்தியின் வடிவத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. தேசிய சுகாதார ஆணையத்தின் என்எச்சிஎக்ஸ் என்ற கோரிக்கைப் பரிமாற்றத் தளம், தகுதிச் சரிபார்ப்பு, முன் அனுமதி, கோரிக்கை ஆகியவற்றுக்கு சுகாதாரத் தகவல் பரிமாற்றத்துக்கான எஃப்எச்ஐஆர் தரத்தின் வடிவங்களைப் பயன்படுத்துகிறது. வெளியே செல்லும் செய்திகளை முதலிலேயே அவற்றோடு பொருத்திவிடுவது பிற்பாடு பெருஞ்செலவைத் தவிர்க்கும்.

குறியீடும் கருவியும்

செயல்முறையைக் கணினியில் இயக்குவதற்கென ஒயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பு 2007இல் வெளியிட்ட டபிள்யூஎஸ்-பிபெல் 2.0 தரத்துக்குச் சொந்தமான படக் குறியீடு இல்லை. மனித வேலைகளுக்கும் நீட்சி தேவைப்பட்டது. 2011இல் வந்த பிபிஎம்என் 2.0, படத்தைக் கணினி எப்படி இயக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே வரையறுத்தது. 2013இல் அது ஐஎஸ்ஓ 19510 தரமாகவும் ஆனது. காமுண்டா, ஃப்ளோவபிள் போன்ற மென்பொருள் இயந்திரங்கள் அந்தப் படத்தையே இயக்குகின்றன. ஆனாலும் வணிகத் தரப்பு படிக்கும் படத்தையும் இயந்திரம் இயக்கும் படத்தையும் தனித்தனியே வைத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. மறுமுயற்சி, தரவு மாற்றம் போன்ற நுட்பங்கள் முதல் படத்தில் நுழைந்தால், கோரிக்கைத் துறையினர் அதைப் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். பிறகு அதிலுள்ள தவறுகளைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

வரைந்து முடித்ததும், முடிந்துபோன பழைய கோப்புகளை எடுத்து, பெயர் முதலான அடையாளங்களை நீக்கிவிட்டு, அந்த வேலையைச் செய்பவர்களோடு உட்கார்ந்து படத்தின் மேல் ஒவ்வொன்றாக நடத்திப் பாருங்கள். நேராக அனுமதி பெற்ற ஒன்று, இருமுறை விளக்கம் கேட்கப்பட்ட ஒன்று, கூடுதல் தொகை மறுக்கப்பட்ட ஒன்று, பாதியில் கைவிடப்பட்ட ஒன்று என வகைக்கொன்றாவது வேண்டும். ‘இப்போது அடுத்து என்ன?’ என்ற கேள்விக்கு அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் இடத்தில் படத்தில் ஓட்டை இருக்கிறது. சேவைகள் இயங்கத் தொடங்கிய பிறகும் இந்த வேலை தொடரும்: ஒவ்வொரு சேவையும் கேஸ் எண்ணோடும் நேரத்தோடும் பதிவு எழுதினால், உண்மையில் கேஸ்கள் சென்ற பாதையை மாதந்தோறும் வரைந்த பாதையோடு ஒப்பிடலாம். இரண்டும் வேறுபடும் இடங்களில் படத்தைத் திருத்துவதா, நடைமுறையைத் திருத்துவதா என்பதைக் கோரிக்கைத் துறை முடிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தின் புதிய பதிப்பு அந்த முடிவுக்குப் பிறகே வெளியிடப்பட வேண்டும்.