டி டிரைவில் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு: விண்டோஸ் மாறும்போது செய்யும் தவறுகள்

“எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்குடா, நீ தைரியமா போடு” என்றார் சித்தப்பா. விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாற்றச் சொல்லி லேப்டாப்பை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் காபி போடப் போய்விட்டார். நல்லவேளை, நான் அவரை நம்பவில்லை.

சி, டி, இ என்று மூன்று டிரைவ் தெரிந்தாலும் பெரும்பாலான லேப்டாப்புகளில் இருப்பது ஒரே டிஸ்க்தான். ஒரே பீரோவில் மூன்று தட்டு மாதிரி. பீரோ எரிந்தால் மூன்றாவது தட்டில் வைத்த பட்டுப்புடவை மட்டும் தப்புமா? டி பத்திரம் என்ற இந்த நம்பிக்கை பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து வருகிறது. அப்போது கடைக்காரர் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்வார், டி அப்படியே இருக்கும். பத்து தடவை தப்பித்ததால் அதுவே பேக்கப் என்று ஆகிவிட்டது. ஆனால் புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது பார்ட்டிஷன்களை, அதாவது டிஸ்க்கின் பிரிவுகளை, வரிசையாகக் காட்டும் திரை ஒன்று வரும். அங்கே அவசரத்தில் எல்லாவற்றையும் டெலீட் செய்தவர்கள் நிறையப் பேர். சித்தப்பாவின் டியில் இருந்தது மகள் கல்யாணப் போட்டோக்கள், வேறு எங்கும் நகல் இல்லாமல். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்து, அதைத் திறந்து நாலு படம் பார்த்த பிறகுதான் மேலே கை வைத்தேன்.

சரி, மாறத்தான் வேண்டுமா? 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அன்றைக்கே கம்ப்யூட்டர் செத்துவிட்டதாக நினைத்துப் புது லேப்டாப் விலை விசாரித்தவர்கள் உண்டு. அது இரண்டாவது தவறு. ஆதரவு முடிந்தால் நின்றுபோவது பாதுகாப்பு அப்டேட். கம்ப்யூட்டர் வழக்கம்போல் ஓடும். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் நீட்டிப்பும் அறிவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசு கூட வேண்டாம்.

‘உங்கள் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது’ என்ற செய்தியையும் அப்படியே நம்ப வேண்டாம். முக்கியத் தேவைகள் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை பிராசசரும். தலைமுறையை மாடல் எண்ணிலேயே படிக்கலாம்: ஐ5-7200யு என்றால் 7, ஐ5-8250யு என்றால் 8. டிபிஎம் பல கணினிகளில் உள்ளே இருக்கும், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸின் செட்டிங்கில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். ஒரு ஸ்விட்சைப் போட்டால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு ஐம்பதாயிரம் செலவழிக்காதீர்கள். மாறாக, பிராசசரே பழையது என்றால், சோதனைகளைத் தாண்டிக் குறுக்கு வழியில் 11ஐப் போட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன. அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. பேங்க் வேலை செய்யும் கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

கடை என்றதும் இன்னொன்று. விண்டோஸ் 11ஐ நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். வாடிக்கையாளரிடம் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லாத பையன், தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு மெயில் ஐடியைப் போட்டு முடித்துக் கொடுத்துவிடுவான். நமக்கும் ‘வேலை முடிந்தது’ என்ற சந்தோஷம். ஆனால் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்த வசதியுள்ள கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் போய் உட்காரும். ஆறு மாதம் கழித்து மதர்போர்டு மாற்றும்போதோ, பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகோ நீலத் திரையில் சாவி கேட்கும். சாவி அந்தப் பையனின் மெயிலில். அவன் வேலையை விட்டுப் போயிருப்பான். எனவே கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும், சாவியை ஒரு தாளில் எழுதி பத்திரங்களோடு வையுங்கள். விண்டோஸ் பற்றி வரும் மற்ற எல்லாப் புலம்பலையும்விட இது பெரிய விஷயம் என்பது என் கருத்து.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் பற்றிச் சுருக்கமாக: டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை அதில் சேர்க்கட்டுமா என்று கேட்கும்போது யோசிக்காமல் சம்மதம் சொல்லாதீர்கள். இலவச இடம் 5 ஜிபிதான். பிறகு அதை அணைத்ததும் டெஸ்க்டாப் காலியாகத் தெரியும். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும். அது தெரியாமல் அலறியவர்களில் நானும் ஒருவன்.

தமிழில் வேலை செய்பவர்களுக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். புதுக் கணினியில் பழைய ஃபைலைத் திறந்தால் ‘நிகழும் மங்களகரமான’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. “தம்பி, வைரஸா?” என்று பதறினார். வைரஸ் இல்லை. இன்று எல்லாக் கணினிகளும் படிக்கும் பொது எழுத்துக் குறியீடு யூனிகோடு. அதற்கு முந்தைய முறையைச் சேர்ந்த பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு போனால் வேஷம் கலைந்துவிடும். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் டிடிபி கடைகளிலும் வக்கீல் குமாஸ்தாக்களின் பென்டிரைவ்களிலும் பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. பழைய கணினியை அழிப்பதற்கு முன் எழுத்துரு ஃபைல்களைத் தனியாக நகலெடுங்கள். முக்கியமானவற்றைப் பிடிஎஃப் ஆகவும் வையுங்கள், எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும். திருத்த வேண்டியவற்றை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றலாம். தட்டச்சுக்கு முன்போல் தனி மென்பொருள் தேட வேண்டியதில்லை. தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக்கும் ஒலிப்பெயர்ப்பு இரண்டும் விண்டோஸின் மொழி செட்டிங்கிலேயே இருக்கின்றன.

விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு, உற்சாகத்தில் ஒரே இரவில் எல்லாவற்றையும் துடைத்துப் போடுவது. அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். தமிழ்99க்கு ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் இருக்கிறது. டேலி கணக்கோ, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ அன்றாடம் தேவை என்றால் விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அப்பா கேட்காமல் அப்பாவின் கணினியில் லினக்ஸ் போடாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

இனி அபிப்பிராயங்கள். 2008இல் மைக்ரோசாஃப்ட் ஒரு வேடிக்கை செய்தது. தன் விண்டோஸ் விஸ்டாவைப் பற்றி மோசமான எண்ணம் கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, ‘மொஹாவி’ என்ற புதிய இயங்குதளம் என்று சொல்லிக் காட்டியது. அருமை என்றார்கள். காட்டியது விஸ்டாவையேதான். கேள்வி ஞானத்தில் திட்டுகிறோம் என்பதற்கு இதைச் சொல்வார்கள். ஆனால் கதையில் பாதிதான் அது. தயார் செய்து வைத்த கணினியில் வேறொருவர் ஓட்டிக் காட்டினால் எதுவும் அழகாகத்தான் இருக்கும். வீட்டில் பழைய பிரிண்டரை ஓட்டும் டிரைவர் மென்பொருள் கிடைக்காமல் தவித்தவரின் கோபம் பொய்யில்லை. 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனைத் தூக்கியபோது ஜனங்கள் கத்தினார்கள், அடுத்த வருஷம் 8.1இல் பட்டன் திரும்பி வந்தது.

ஆகவே புலம்புங்கள், ஆனால் எதைப் புலம்புகிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் நடுவில் இருப்பது செட்டிங்கில் ஒரு நிமிட வேலை, இடது பக்கம் தள்ளிவிடலாம். ரைட் கிளிக் மெனு சுருங்கிவிட்டதா, ஷிஃப்டும் எஃப்10உம் பழையதைக் கொண்டுவரும். ‘11 ரொம்ப மந்தம்’ என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, அதைவிட வேகமான எஸ்எஸ்டியா என்றுதான். முக்கால்வாசி நேரம் பதில் அதில் இருக்கிறது. விண்டோஸ் 10இன் மேலேயே 11ஐ அப்கிரேடு செய்திருந்தால் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. பிரிண்டர், ஸ்கேனர், ஜிஎஸ்டி வேலை எல்லாவற்றையும் அந்தப் பத்து நாளுக்குள் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கை பழகவில்லை என்பதற்காக மட்டும் திரும்பாதீர்கள், பழக இரண்டு மூன்று வாரம் ஆகும்.

பத்திரிகை அக்கா புதுக் கணினியில் யூனிகோடில் அடிக்கப் பழகிவிட்டார். பழைய விண்டோஸ் 7 பெட்டியின் நெட் கேபிளைக் கழற்றி மூலையில் வைத்திருக்கிறோம். பழைய டிசைனைத் தேடி யாராவது வந்தால் அது எழுந்து, உறுமி, பத்து நிமிஷம் கழித்துத் திறந்து கொடுக்கிறது.