நீலகிரிக்கு வரும் இயன்முறை மருத்துவ மாணவர்களை வழிநடத்துவது எப்படி?

வெளிநாட்டுக் கல்லூரிகளிலிருந்து தன்னார்வப் பணிக்காக நீலகிரிக்கு வரும் இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) மாணவர்கள் பெரும்பாலும் சில வாரங்களே இங்கு தங்குகிறார்கள். வந்திருக்கும் நாட்களுக்குள் முடிந்த அளவு நோயாளிகளுக்குக் கை கொடுத்துவிட வேண்டும் என்ற ஆர்வம் அவர்களுக்கு இயல்பாகவே இருக்கும். அவர்களை வழிநடத்தப் பொறுப்பேற்கும் உள்ளூர் மருத்துவர் அந்த ஆர்வத்தை மதிக்க வேண்டும். ஆனால் அதற்கு முதலிலேயே ஓர் எல்லை வகுத்துவிட வேண்டும். மாணவர்கள் ஊர் திரும்பிய பிறகு தொடர்ந்து பார்ப்பதற்கு ஆள் இல்லாத எந்தச் சிகிச்சையையும் தொடங்கக் கூடாது. மற்ற ஏற்பாடுகள் அனைத்தையும் இந்த எல்லைக்குள் நின்றே திட்டமிட வேண்டும்.

பயணக் காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் மழையை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து சாலைகள் அடைபடுவதுண்டு. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே வசதியானவை. மாணவர்களின் விசா தன்னார்வப் பணிக்கு இடம் தருகிறதா என்பதைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இந்தியத் தூதரகத்தில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டும். பழங்குடியினர் குடியிருப்புகளுக்குச் செல்வதாக இருந்தால் மாவட்ட நிர்வாகத்திடமும், காட்டுக்குள் இருக்கும் ஊர்களுக்கு வனத்துறையிடமும் அனுமதி பெற வேண்டும். அதோடு ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் சென்று கேட்டு, அவர்கள் வரச் சொல்லும் நாளில்தான் போக வேண்டும்.

முதல் சில நாட்கள் மாணவர்கள் யாருக்கும் சிகிச்சை செய்ய வேண்டாம். அவர்களைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைக் காலை முதல் எடை போடும் நேரம் வரை கவனிக்கச் செய்யுங்கள். செடி உரசாமல் இருக்க இடுப்பில் படங்கு என்னும் முரட்டு விரிப்பைக் கட்டிக்கொண்டு, செடிகளுக்கு இடையே ஓர் ஆள் நுழையவே இடம் போதாத சரிவில் பக்கவாட்டில் கால் ஊன்றி நின்று, குனிந்து பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாகப் பின்புறப் பைக்குள் போடும் அந்த ஓர் அசைவில் கழுத்தும் தோளும் இடுப்பும் எப்படித் திரும்புகின்றன என்பதை அவர்கள் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நிரம்பிய பையுடன் அவர் சரிவில் இறங்கும்போது முழங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறும்போது தெரியாத வலி இறங்கும்போது வருவதன் காரணம் அங்கேதான் விளங்கும். தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையையும் பையின் எடையையும் தாங்க வேண்டியிருக்கிறது.

இதைப் பார்த்த மாணவர், “எடை தூக்காதீர்கள், ஒரு மாதம் ஓய்வெடுங்கள்” என்று சொல்லத் துணிய மாட்டார். நாள் கூலிக்கு வேலை செய்பவருக்கு அந்த அறிவுரையால் எந்தப் பயனும் இல்லை. மாறாக, ஒரே நடையில் கொண்டுபோகும் கொழுந்தை இரண்டு நடையாகப் பிரிக்க மேஸ்திரி ஒப்புவாரா, பையின் பட்டையை நெற்றியிலிருந்து தோளுக்கு மாற்ற முடியுமா, கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடிக்கும் கைக்கு இடையிடையே எப்படி ஓய்வு கொடுப்பது, வீட்டு வாசற்படியிலேயே மெல்ல இறங்கும் பயிற்சியை எப்படிச் செய்வது என்றெல்லாம் அவர் யோசிக்கத் தொடங்குவார். முகாம்களையும் ஞாயிற்றுக்கிழமையிலோ எடை போட்டு முடிந்த மாலையிலோதான் வைக்க வேண்டும். நம்மைப் பார்க்க வருவதற்காக யாரும் ஒரு நாள் கூலியை இழக்கக் கூடாது.

இங்குள்ள தொழிலாளர்களில் பலர், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் தொடங்கப்பட்டதே இன்றைய டான்டீ எனப்படும் அரசின் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். வயதான தொழிலாளியிடம் இங்கே எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதோடு நிறுத்திவிடாமல், இலங்கைத் தோட்டத்தில் எந்த வயதில் பறிக்கத் தொடங்கினார் என்றும் கேட்க மாணவர்களைப் பழக்க வேண்டும். முதுகெலும்பின் தேய்மானத்தை மதிப்பிட அந்தக் கணக்கும் தேவை.

பழங்குடி மக்களிடையே பணியாற்றுவதாக இருந்தால், சிக்கிள் செல் இரத்தசோகையைப் பற்றி (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துவிடும் பரம்பரை நோய் இது) ஒரு முழு வகுப்பு எடுத்த பின்னரே மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்நோய் நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952-லேயே பதிவாகியுள்ளது. குளிரும், உடலில் நீர் வற்றுவதும், அளவுமீறிய உடலுழைப்பும் இந்நோயாளிகளுக்குக் கடும் வலியைத் தூண்டிவிடக் கூடியவை. சுளுக்கு என்றதும் ஐஸ் கட்டி வைக்கும் பழக்கத்தில் வரும் மாணவர், நோயாளிக்கு இந்த இரத்தசோகை உண்டா என்று கேட்காமல் கை வைக்கவே கூடாது. இளவயதினர் ஒருவர் இடுப்பு வலியுடன் நொண்டி நடந்து வந்தால், தொடை எலும்பின் பந்துமுனைக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு நலிந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். அவருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் செய்ய வேண்டும். இரவில் குறையாத முதுகுவலியுடன் காய்ச்சலும் உடல் மெலிவும் இருப்பது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, தோலில் உணர்ச்சியற்ற தேமல் காணப்படுவது ஆகியவற்றிலும் மாணவர் தாமே முடிவெடுக்காமல் உடனே வழிகாட்டியை அழைக்க வேண்டும்.

ஒவ்வொரு வெளிநாட்டு மாணவருடனும் தமிழ் தெரிந்த உள்ளூர் மாணவர் ஒருவரை இணைப்பது நல்லது. நோயாளி குடைச்சல், எரிச்சல், மரத்துப்போதல் என்று பிரித்துச் சொல்வதை அவர் சுருக்காமல் அப்படியே எடுத்துச் சொல்ல வேண்டும். நோயாளிகள் மாணவரை ‘டாக்டரம்மா’ என்று அழைப்பார்கள். அப்போது, “பாட்டி, நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன், எங்கள் டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார்” என்று சொல்லும் அளவுக்கேனும் தமிழ் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். “சரிங்க” என்று நோயாளி தலையசைப்பதைச் சம்மதமாகவோ புரிந்துகொண்டதற்கு அடையாளமாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சியை அவரையே செய்துகாட்டச் சொல்ல வேண்டும். பெண்களைப் பெண் மாணவர்களே பரிசோதிக்க வேண்டும். சேலையை விலக்க வேண்டிய இடத்தில் திரை இருக்க வேண்டும். கைப்பேசியில் நோயாளியைப் படம் எடுக்க அனுமதி இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்குச் சென்று பார்க்கும் பணியில்தான் மாணவர்கள் மிகுதியாகக் கற்கிறார்கள். பக்கவாதம் வந்த ஒருவரின் லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) உயரமான கட்டிலோ கைப்பிடிச் சுவரோ இருக்காது. தரையில் பாய், கதவருகே உயர்ந்த நிலைப்படி, கழிப்பறைக்குப் போகும் ஈரமான கல்படிகள் ஆகியவையே இருக்கும். நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியை மட்டும் கற்ற மாணவருக்கு, பாயிலிருந்து ஒருக்களித்து, நல்ல கையை ஊன்றி, முழங்காலிட்டு, பலமான காலை முன்வைத்து எழும் முறையை வழிகாட்டி அங்கேயே செய்துகாட்ட வேண்டும். பிறகு அதை நோயாளியின் மகளோ மருமகளோ உடனிருந்து செய்விக்குமாறு மாணவரைச் சொல்லித்தரச் சொல்ல வேண்டும். மாணவர் தவறு செய்தால் நோயாளியின் முன் கடிந்துகொள்ளாமல், மென்மையாகக் கையை மாற்றி வைத்துவிட்டு, காரணத்தை மாலையில் தனியே பேசலாம்.

மாணவர்களின் கடைசி இரண்டு நாட்களில் புதிய நோயாளிகளைச் சேர்க்க வேண்டாம். அவை ஒப்படைப்புக்கு உரியவை. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சென்று இயன்முறை சிகிச்சை அளிக்கும் பணியும் அடங்கியிருப்பதால், அந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துடன் பயணத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தால் ஒப்படைப்பது எளிது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கத் தாளில் நோய்க் குறிப்பு, மூன்றுக்கு மிகாத பயிற்சிகள் கோட்டுப் படத்துடன், எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற எச்சரிக்கை ஆகியவற்றைத் தமிழில் எழுத வேண்டும். ஒரு பிரதி வீட்டுக்கும், மற்றொன்று சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும். முடிந்தால் அங்கிருந்து வரும் இயன்முறை மருத்துவரையும் மாணவரையும் ஒருமுறை ஒன்றாக அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். இனி யார் வருவார்கள் என்பதை நோயாளி முகம் பார்த்துத் தெரிந்துகொள்வார்.