கருப்பா கனமா ஒரு கல்லு கிடைச்சா அது யுரேனைட்டான்னு பாக்குறது எப்படி

ஏற்காடு மலையிலயோ சேலம் பக்கத்து கஞ்சமலை அடிவாரத்துலயோ கருப்பா வெயிட்டா ஒரு கல்லு கிடைச்சதும் யுரேனியமா இருக்குமோன்னு சுத்தியல எடுத்துடாதீங்க, உடைக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம். யுரேனைட்ங்கறது யுரேனியம் இருக்குற கருப்புத் தாது, அதுல இருந்து வர்ற ஆல்ஃபா கதிர் ஒரு பேப்பர கூட தாண்டாது, ஆனா தூசியா மூச்சுல போயிட்டா நுரையீரல்லயே உக்காந்துக்கும், பயப்பட வேண்டியது அதுக்குத்தான்.

கிளவுஸ் போட்டுட்டு முதல்ல ஒரு காந்தத்த கிட்ட கொண்டு போங்க. சட்டுனு ஒட்டுச்சுன்னா அது மேக்னடைட், கஞ்சமலை பூரா அந்த இரும்புத் தாதுதான். யுரேனைட் ஒட்டாது.

ஒட்டலைன்னா எடை பாருங்க. கல்ல தராசுல வச்சு கிராம் குறிச்சுக்கோங்க, அப்புறம் தூக்கிப் போடுற டப்பாவுல தண்ணி ஊத்தி தராசுல வச்சு ஜீரோ பண்ணிட்டு, கல்ல நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி, அடியில தட்டாம தொங்க விடுங்க, இப்ப தராசு காட்டுற கிராமால முதல் எடைய வகுக்கணும். 540 கிராம் கல்லு, தண்ணில 200 காட்டுச்சுன்னா 2.7, அது ஏற்காடு பூரா கிடக்குற சார்னகைட் மாதிரி சாதா பாறைதான். யுரேனைட் 6.5ல ஆரம்பிச்சு 10 வரைக்கும் கூட போகும். கலீனாவும் 7.5 வரும், ஆனா அது ஈயத் தாது, வெள்ளி மாதிரி பளபளக்கும்.

யூவி டார்ச் அடிச்சா பச்சையா மின்னும்னு நிறைய பேரு சொல்றாங்க, அப்படி மின்னுறது ஆட்டுனைட் மாதிரி மஞ்சப்பச்சை தாது, யுரேனைட் மின்னாது.

யுரேனைட் பாறைக்குள்ள புள்ளி புள்ளியா இருந்தா எடைல தெரியாது, கைகர் கவுண்டர், அதாவது கதிர்வீச்ச எண்ணுற கருவி, வச்சுத்தான் பாக்கணும். முதல்ல கல்லு இல்லாம அஞ்சு நிமிஷம் எண்ணுங்க, அப்புறம் கல்லு பக்கத்துல அதே அஞ்சு நிமிஷம், கிரானைட் கூட லேசா காட்டும்ங்கறதால கொஞ்சம் கூடுனதுக்கெல்லாம் முடிவு பண்ண வேண்டாம், பல மடங்கு ஏறுனாதான் விஷயம்.

அப்படி ஏறுச்சுன்னா படுக்குற ரூம்ல வைக்காதீங்க, ரேடான்ங்கற கதிர்வீசுற வாயு கசியும். குழந்தைங்க கை படாம வெளிய காத்தோட்டமா வச்சுட்டு சோப்பு போட்டு கை கழுவுங்க. யுரேனியத் தாதுவ விக்கிறதும் சேத்து வைக்கிறதும் லைசன்ஸ் இல்லாம கூடாது, எந்த இடத்துல கிடைச்சதுன்னு போட்டோவோட அணு கனிம இயக்ககத்துக்கு எழுதிப் போடுங்க, தலைமை ஆபீஸ் ஹைதராபாத், நம்ம பக்கத்துக்கு பெங்களூர்லயே ஆபீஸ் இருக்கு.