பிட்ட இம்பிளான்ட்: எந்த அடுக்கில் வைப்பது என்று ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிட்டத்தைப் பெரிதாக்க உள்ளே சிலிகான் இம்பிளான்ட் வைத்துக்கொள்ள நினைக்கிறவர்கள் பெரும்பாலும் அளவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 300 சிசியா 350 சிசியா, வட்டமா நீள்வட்டமா என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். அது உடம்புக்குள் எந்த அடுக்கில் போய் உட்காரப்போகிறது என்ற கேள்வி கடைசியில்தான் வரும், சிலருக்கு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் வரும். என்னைக் கேட்டால் இந்த வரிசையே தவறு, முதலில் கேட்க வேண்டியது அடுக்கைப் பற்றித்தான். எவ்வளவு பெரியது வைக்கலாம், எத்தனை நாள் வலிக்கும், சில வருடம் கழித்து ஓரம் வெளியே தெரியுமா, இதெல்லாம் பெருமளவுக்கு அங்கேதான் முடிவாகிறது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மேலே தோல், அதற்குக் கீழே கொழுப்பு. கொழுப்புக்கு அடியில் தசையைப் போர்த்தியிருக்கும் உறுதியான ஒரு சவ்வு, அதுதான் தசையுறை. அப்புறம் குளூட்டியஸ் மாக்ஸிமஸ் என்ற பெரிய தசை. அதற்கும் அடியில் சின்னச் சின்னத் தசைகளும், காலுக்குப் போகும் பெரிய நரம்பான சியாட்டிக் நரம்பும். ஆக இம்பிளான்டுக்கு நான்கு இடங்கள் உண்டு: தோலுக்கடியில் கொழுப்பு மட்டத்தில், தசையுறைக்குக் கீழே, தசைக்கு உள்ளேயே, தசைக்கு அடியில்.

மேலாக வைத்தால் சுலபம், சுலபமாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று பலர் நம்புகிறார்கள். ஆரம்பத்தில் டாக்டர்களும் அப்படித்தான் போனார்கள். 1969இல் பார்டெல்ஸ் குழுவினர் ஒரு பக்கம் சுருங்கிப்போன பிட்டத்தைச் சரிசெய்ய மார்பக இம்பிளான்டையே எடுத்து வைத்தார்கள், அதற்குப் பிறகு கொஞ்ச காலம் தோலுக்கடியில் வைப்பதுதான் வழக்கமாக இருந்தது. பிரச்சினை என்னவென்றால் பிட்டத்தின் கொழுப்பு சும்மா தசை மேல் கிடக்கவில்லை, தோலிலிருந்து தசையுறை வரை நார் நாராக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது, பிட்டம் தொங்காமல் நிற்பதில் அந்த நார்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இம்பிளான்டுக்காக அங்கே ஒரு பை போல இடம் பிரித்தால் அந்த நார்களையே அறுக்கிறோம். அப்புறம் இம்பிளான்ட் கீழே இறங்கும், ஓரம் தெரியும், சுற்றி உருவாகும் வடுச் சவ்வு இறுகினால் பந்து மாதிரி கெட்டியாகிவிடும். இதனால்தான் இந்த முறை ஏறக்குறைய கைவிடப்பட்டது. இன்றைக்கும் யாராவது இதைத்தான் செய்கிறேன் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு, எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது. 1984இல் அர்ஜென்டினாவின் ரோப்லெஸ் தசைக்கு அடியில் வைக்கும் முறையை எழுதினார். மேலே முழுத் தசையும் மூடியிருப்பதால் ஓரம் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அடியில் யார் குடியிருக்கிறார் என்று பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியில் கொடுத்தால் கெட்டியாக ஒரு எலும்பு தட்டுப்படும், நாம் உட்காருவது அதன் மேல்தான். இப்போது இடுப்புக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் கீழே தடவினால் தொடையெலும்பின் மேல்முட்டு தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே, பெரிய தசைக்கு அடியில்தான் சியாட்டிக் நரம்பு காலுக்கு இறங்குகிறது. அதற்கு மேலே பிரிஃபார்மிஸ் என்ற தசையின் கீழ் ஓரத்திலிருந்து அது வெளியே வருகிறது. ஆகவே தசைக்கு அடியில் வைக்கிற இம்பிளான்ட் அந்த எல்லைக்கு மேலேயே நின்றாக வேண்டும். விளைவு, சின்ன அளவுதான் வைக்க முடியும், அதுவும் உயரத்தில். மேல்பாதி புடைத்தும் கீழ்பாதி காலியாகவும் தெரியலாம். நரம்பை அழுத்தினால் வலியும் மரத்துப்போதலும் காலில் வரும், அதுதான் பெரிய பயம்.

சரி, அப்போது தசைக்கு உள்ளே வைப்பதுதான் விடை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். மெக்ஸிகோவின் வெர்கரா 1996இல் எழுதிய முறை இது, பின்னால் பிரேசிலின் ராவுல் கோன்சாலஸ் உடம்பின் மேலேயே அடையாளப் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு ஆழத்தைப் பிடித்துப் போகும் வழியை உருவாக்கினார். நானும் இதைத்தான் நல்ல முறையாகப் பார்க்கிறேன். ஆனால் படத்தில் தசை நடுவே ஒரு கோடு போட்டுக் காட்டுகிறார்களே, நிஜத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது. தசையுறைக்கும் தசைக்கும் நடுவே இயற்கையான ஒரு இடைவெளி உண்டு, தசைக்கு அடியிலும் உண்டு, தசைக்கு நடுவே எதுவும் இல்லை, சர்ஜன்தான் நாரைப் பிரித்துப் பிரித்து அதை உண்டாக்க வேண்டும்.

நீங்கள் குப்புறப் படுத்திருப்பீர்கள். பிட்டப் பிளவில் சின்னதாகக் கீறி, அந்த வழியாகவே தசைக்குள் போவார்கள். மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தசை மிச்சமிருக்க வேண்டும், கீழேயும் நரம்புக்கு மெத்தையாகத் தசை இருக்க வேண்டும். தசையோ தட்டையான பலகை இல்லை, பக்கவாட்டில் வளைந்து இறங்குகிறது. கருவியை நேராகத் தள்ளிக்கொண்டே போனால் வெளிப்பக்கம் போகப்போக மேலே உள்ள தசை மெலிந்து ஓரிடத்தில் கொழுப்புக்குள் எட்டிப்பார்த்துவிடும். அப்புறம் அறிக்கையில் ‘தசைக்குள்’ என்று எழுதியிருக்கும், உண்மையில் பாதி தசைக்குள்ளும் பாதி தோலுக்கடியிலும் இருக்கும். அதனால் அடுக்கின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். மேலே எவ்வளவு கனத்துக்குத் தசை இருக்கும், வெளி ஓரத்திலும் அதே கனம் கிடைக்க என்ன செய்வீர்கள், இதுவரை எத்தனை பேருக்கு இந்த முறையில் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அடிக்கடி செய்கிறவர் இதற்குக் கையால் வரைந்தே பதில் சொல்வார்.

தசையுறைக்குக் கீழே வைக்கும் முறையைப் பலர் வலி குறைவு என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெக்ஸிகோவின் தெ லா பேன்யா 2004இல் எழுதியது இது. வலி குறைவு என்பதும் நரம்பிலிருந்து தள்ளியே இருக்கும் என்பதும் சரிதான், இம்பிளான்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கவும் முடியும், அதனால் கீழ்பாதியும் நிறையும். ஆனால் மேலே மூடுவதற்குச் சவ்வும் உங்கள் சொந்தக் கொழுப்பும் மட்டும்தான். கண்ணாடி முன் நின்று பிட்டத்தின் மேல்பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கையில் கனமாக வந்தால் இந்த முறையைப் பற்றிப் பேசலாம். வெறும் தோல்தான் மாட்டுகிறது என்றால் ஓரம் தட்டுப்படும், நீர் கோத்துக்கொள்ளும் தொல்லையும் இந்த அடுக்கில் கவனிக்க வேண்டியது. இன்னொரு விஷயம், பெரிதாக எடை குறைக்கும் திட்டம் இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள், இன்று இருக்கும் கொழுப்பு நாளை இருக்காது.

படங்களை வைத்து அடுக்குகளை ஒப்பிடுவதிலும் ஏமாற்றம் உண்டு. ஆறாவது வாரத்தில் எடுத்த படத்தில் இருப்பது பாதி வீக்கம். நேராக நிற்க வைத்துப் பின்னாலிருந்து எடுத்த படத்தில் எல்லா அடுக்கும் நன்றாகத்தான் தெரியும். குனிந்து எடுத்தது, பக்கவாட்டில் எடுத்தது, பிட்டத்தை இறுக்கி எடுத்தது, அதுவும் ஒரு வருடம் ஆனபிறகு எடுத்தது, இவற்றைக் கேளுங்கள். முக்கியமாக, ஆரம்பத்தில் உங்கள் உடல்வாகு இருந்தவரின் படமாக இருக்க வேண்டும்.

அளவை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்ற அடுக்கைத் தேடுவதை நான் மிக மோசமான தவறாக நினைக்கிறேன். தசைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் இருக்கும், அதற்குமேல் திணித்தால் இழுவை முழுக்கத் தையலின் மேல் வரும். இந்த ஆபரேஷனில் அதிகமாகப் பார்க்கிற சிக்கல்களில் ஒன்று தையல் பிரிவது. இடத்தை யோசித்தாலே புரியும், ஆசனவாய்க்குப் பக்கத்தில், ஈரம் தேங்குகிற பிளவில், உட்காரும்போதும் குனியும்போதும் இழுபடுகிற இடத்தில் காயம். அதனால்தான் சில சர்ஜன்கள் நடுவில் ஒரே கீறலுக்குப் பதில் நடுத்தோலைத் தொடாமல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கீறல் போடுகிறார்கள். புகைபிடிக்கிறவர்களும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் இதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது, காயம் ஆறுவதே கஷ்டமாகிவிடும்.

இம்பிளான்டின் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. மார்பகத்துக்கென்று செய்ததைப் பிட்டத்தில் வைப்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், உட்காரும் பாரத்துக்கு அது செய்யப்பட்டதில்லை. அமெரிக்காவில் பயன்படுத்துவது திடமான மென் சிலிகான், உள்ளே ஜெல் இல்லாததால் வெடித்துக் கசிய எதுவுமில்லை. வேறு நாடுகளில் கெட்டியான ஜெல் நிரப்பியதும் உண்டு. நீள்வட்ட வடிவம் என்றால் உள்ளே திரும்பிக்கொள்ளும் வாய்ப்பையும் கேட்டுவிடுங்கள், வட்டம் திரும்பினாலும் வெளியே தெரியாது.

கொழுப்பு ஊசி முறையின் விதியை இம்பிளான்டோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்களும் நிறைய. உடம்பிலிருந்து எடுத்த கொழுப்பைப் பிட்டத்தில் செலுத்தும்போது அது தசைக்குள் போகவே கூடாது, அங்குள்ள பெரிய ரத்தக்குழாய் கிழிந்து கொழுப்பு நுரையீரலுக்குப் போய் உயிரே போயிருக்கிறது. 2017இல் வெளியான ஒரு கணிப்பு ஏறக்குறைய 3,000 பேரில் ஒருவர் மரணம் என்றது, 2018இல் பிளாஸ்டிக் சர்ஜன் சங்கங்கள் சேர்ந்து தோலுக்கடியில் மட்டுமே செலுத்த வேண்டும் என்று எச்சரித்தன. இம்பிளான்டுக்கோ தோலுக்கடிதான் கைவிடப்பட்ட இடம், தசைக்குள் ஏற்ற இடம். ஒன்றின் நியாயத்தை மற்றொன்றுக்குப் போட முடியாது. இரண்டையும் சேர்த்துச் செய்வதாகச் சொன்னால், எது எந்த அடுக்கில் போகிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு நேரடியாகப் பிட்டத்தின் மேல் உட்காராமல் இருப்பது பொதுவாக இரண்டு மூன்று வாரம், சர்ஜனுக்குச் சர்ஜன் மாறும். தசைக்குள் வைத்தவர்களுக்கு முதல் வாரம் கட்டிலிலிருந்து எழுவதே பெரும்பாடு, உதவிக்கு ஆள் இல்லாமல் திட்டமிடாதீர்கள்.

பெரும்பாலோர் மறந்துபோவது பிறகு பல வருடம் கழித்து வரும். காய்ச்சல் என்று ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள், நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பிப் படுங்கள் என்பார். அவர் குத்தப்போவது பிட்டத்தின் மேல் வெளிப்பக்கம். தசையில் போடும் ஊசி ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் நீளம் இருக்கும், உங்கள் இம்பிளான்டுக்கு மேலே இருப்பதோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் தசையும் கொஞ்சம் கொழுப்பும், தசையுறைக்குக் கீழே வைத்தவர்களுக்கு அதுகூட இல்லை. திரும்பிப் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: அங்கே இம்பிளான்ட் இருக்கிறது, கையிலோ தொடையிலோ போடுங்கள்.